மீனுவோடு மாதாப்பூர் வரை

காலை ஏழு நாற்பது. செகந்திராபாத் பக்கம் லோத்குண்டாவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கும்போது இடுப்பில் மீனு, தோளில் ஒரு பை, பைக்குள் எவர்சில்வர் சம்படம். சம்படத்தில் இரண்டு இட்லியும் ஒரு ஸ்பூனும். அந்த இட்லியால்தான் எல்லாம் கெட இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மீனு என் தம்பி மகன் செல்வத்தின் பெண். இரண்டு வருஷம் நாலு மாதம். எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள், நடக்க மாட்டாள். ஒரு சொல் வந்ததில்லை. வேண்டியதைக் கை நீட்டிக் கேட்டதும் இல்லை. வளர்ச்சி பிந்தியிருக்கிறது, சீக்கிரம் பயிற்சி ஆரம்பிப்பது நல்லது என்று தடுப்பூசி போடும் டாக்டர் மாதாப்பூரில் ஒரு மையத்துக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சின்னப் பிள்ளைகள் வகுப்பில் இரண்டரை வயதுக்குள் சேர வேண்டும். காத்திருந்து கிடைத்த நாள் அன்றுதான், பத்தரை மணிக்கு.

ஏழு மணிக்குச் செல்வம் ஆபீசிலிருந்து போன் செய்தான். கம்ப்யூட்டர் வேலை, முந்தின நாள் போனவன் இன்னும் திரும்பவில்லை. அவன் மனைவி ஜெயா கம்பெனி வேலையாகப் பெங்களூரில் இருந்தாள்.

"அத்தை, என்னால நகர முடியல. வேற தேதி கேட்டேன், ரெண்டரை மாசம் ஆகுமாம்."

"அதுக்குள்ள பிள்ளைக்கு ரெண்டரை வயசு தாண்டிருமேய்யா."

பின்னால் யாரோ அவனைக் கூப்பிடும் சத்தம் போனில் கேட்டது.

"நான் கூட்டிட்டுப் போறேன்." சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

"நீங்களா? கண்டக்டர் சில்லறை தரலன்னாகூட வாயத் தொறக்க மாட்டீங்களே அத்தை!"

உண்மைதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் ராணுவத் தொழிற்சாலையில் இருந்தார். அவர் இருந்தவரை எனக்காக அவர் பேசினார், பிறகு, கூட இருக்கும் செல்வம் பேசினான். தெலுங்கு காதில் விழுந்தால் புரியும். வாய் மட்டும் வராது.

எட்டேகாலுக்கு பஸ். செகந்திராபாத் ஸ்டேஷன் எட்டு கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய். ஸ்டேஷனில் கவுண்டர் வரிசையில் நிற்கும்போது மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். என் முறை வந்ததும், "ஹைடெக் சிட்டி, ஒகட்டி" என்று ஒரு டிக்கெட் கேட்டேன். அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டிக்கெட்டைத் தள்ளினார். இவ்வளவுதானா!

ஒன்பது பத்துக்கு உள்ளூர் ரயில் வந்தது. எதிரே நின்ற பெட்டியில் காலை வைத்தேன். பின்னாலிருந்து தடுத்தது ஒரு குரல்.

"நக்கோம்மா, நக்கோ! அது ஆம்பளைங்க டப்பா. லேடீஸ் டப்பா இந்தாண்ட!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள் ஒரு பெரிய உடம்புக்காரி. உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு, "தமிழா?" என்றேன்.

"ஹவ், ஆமா. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா காலத்துல வேலூர்லேர்ந்து வந்தது. கொழந்த ஏன் இப்டி வாடிக் கெடக்குது? சாப்ட்டுச்சா?"

"இல்ல. அங்க போய்த்தான்."

"காலங்காத்தால பச்சப்புள்ளய பட்டினியாவா தூக்கினு வந்தீங்க? கைக்கு, ஏன்?"

பெட்டியில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. பசியோடு கூட்டி வாருங்கள் என்று மையத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதை விளக்க வாய் வரவில்லை. பிள்ளையைப் பட்டினி போட்டவள் என்று நாலு பேர் நினைப்பதைவிட ஊட்டுவது சுலபமாக இருந்தது. பேகம்பேட் வருவதற்குள் இரண்டு இட்லியும் காலி.

காலிச் சம்படத்துக்குள் ஸ்பூன் ஆடி ஆடி ரயிலோடு தாளம் போட்டது. மீனு கலகலவென்று சிரித்தாள். நான் குலுக்கக் குலுக்கச் சிரித்தாள். பரத் நகர், போரபண்டா எல்லாம் அப்படியே போயின. ஒன்பது ஐம்பதுக்கு ஹைடெக் சிட்டியில் இறங்கினோம்.

அங்கிருந்து மாதாப்பூர் நாலு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் ஐந்து ரூபாய். இரண்டு பக்கமும் வானத்தைப் பூசி வைத்தது போலக் கண்ணாடிக் கட்டடங்கள். ஆட்டோவில் என்னைத் தவிர எல்லோர் கழுத்திலும் கம்பெனி அட்டை தொங்கியது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மீரு கூட சாப்ட்வேரா அம்மா?" என்றார், நீங்களும் சாப்ட்வேரா என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பத்து இருபது. மையத்தின் டீச்சர் சரளா தெலுங்குக்காரி. சென்னையில் படித்தவள் என்பதால் தமிழ் பேசினாள். மீனுவைப் பாயில் உட்காரவைத்து, இறுக மூடிய கண்ணாடி டப்பாவில் பிஸ்கட்டைப் போட்டு முன்னால் வைத்தாள். பிள்ளை கையை நீட்டுகிறாளா, நம் முகத்தைப் பார்க்கிறாளா, சத்தம் கொடுக்கிறாளா, அதுதான் கணக்கு. எந்தப் படியில் இருக்கிறாள் என்று தெரிந்தால்தான் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியுமாம்.

மீனு டப்பாவைப் பார்த்தாள். பிறகு மின்விசிறியைப் பார்த்தாள். ஏப்பம் விட்டாள்.

டீச்சர் ஏதோ எழுதப் போனாள். பேசாமல் இருந்தால், பசித்தாலும் கேட்கத் தெரியாத பிள்ளை என்று எழுதிவிடுவாள். உண்மையைச் சொன்னால் இன்னொரு நாள் வா என்பாளோ? அந்த இன்னொரு நாள் இரண்டரை மாதம் கழித்துத்தான் வரும்.

"எழுதாதீங்கம்மா. தப்பு என்னோடது. ரயில்ல இட்லி குடுத்துட்டேன்."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "உங்க தமிழ் வீடுங்கள்ல ஒருத்தர்கூட பசியோட கூட்டிட்டு வர மாட்டேங்கறீங்கம்மா! சரி, சாப்பாடு வேணாம். பாப்பாவுக்கு வேற என்ன இஷ்டம்?"

சம்படத்தை எடுத்தேன். குலுக்கினேன். மீனு சிரித்தாள்.

"இப்ப நிறுத்துங்க. அவளா கேக்கற வரைக்கும் குலுக்காதீங்க."

எனக்கு அதுதான் கஷ்டம். எங்கள் வீட்டில் மீனு சிணுங்குவதற்கு முன்பே பால் வரும், பொம்மை வரும். அவள் கேட்க நாங்கள் இடமே வைத்ததில்லை. கையைக் கட்டிப்போட்டது போல உட்கார்ந்திருந்தேன். மீனு சம்படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் சம்படத்தை. என் கை தானாக எழுந்தது. வேண்டாம் என்று டீச்சர் தலையை ஆட்டினாள். இறக்கினேன்.

அப்போது ஒரு சின்னக் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கியது. "ம்" என்றாள் மீனு.

குலுக்கினேன். நிறுத்தினேன். மறுபடி பிடித்தாள். "ம்!" மூன்றாவது தடவை அதட்டலாகவே வந்தது. டீச்சர் கை தட்டினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சேத்துக்கலாம்மா. வாரம் மூணு நாள், திங்கள், புதன், வெள்ளி. வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் கூடவே உக்காந்து கத்துக்கணும், வீட்லயும் செய்யணும். யார் வருவீங்க?"

"நான்."

ஒரு தடவைதான் சொன்னேன். கேட்கிற மாதிரி சொன்னேன்.

பகல் பன்னிரண்டே காலுக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோ. பக்கத்தில் இருந்த பெண், "ஏ கம்பெனி, ஆன்ட்டி?" என்று வேடிக்கையாக என் கம்பெனியைக் கேட்டாள். மீனுவைக் காட்டி, "ஈமே நா மேனேஜர்" என்றேன், இவள்தான் என் மேனேஜர் என்று. ஆட்டோவே சிரித்தது. இந்தத் தடவை சிரிக்க வைத்தது நான்.

சாயங்காலம் செல்வம் வந்ததும் ஓடிப்போய்ப் பால் டம்ளரை எடுத்தான்.

"நில்லு. அவ கேக்கட்டும்."

"பாவம் அத்தை…"

"பொறுய்யா."

ஆபீஸ் அட்டையைக்கூடக் கழற்றாமல் டம்ளரோடு நின்றான். மீனு டம்ளரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அவன் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். "ம்!" பாலில் பாதி அவன் சட்டையில். அவன் துடைக்கவே இல்லை.

இப்போது அந்த ரயிலில் வாரம் மூன்று நாள் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்து, எப்படிப் போவது, யாரிடம் கேட்பது என்று மலைத்து நின்றால், செகந்திராபாத் ஸ்டேஷனில் ஒன்பது பத்து வண்டிக்கு வாருங்கள். லேடீஸ் பெட்டி நிற்கும் இடத்தில், இடுப்பில் பிள்ளையும் கையில் காலிச் சம்படமுமாக ஒரு வயதானவள் நிற்பாள். கேளுங்கள். பதில் சொல்வேன்.