எலும்பு அனுப்பும் சேதி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலைப் பேருந்தில் பி.டி. டீச்சர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. 1993இல் நான் அந்தப் பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்தபோது முதலில் வந்து பேசியவர் அவர்தான். விக்கிரவாண்டியில் இடம் காலியானால் என்னை உட்கார வைத்து, தன் பையை என் மடியில் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவார். "பசங்கள ஓடு ஓடுன்னு வெரட்டிட்டு நான் மட்டும் உக்காந்துக்கினு வந்தா நல்லாவா இருக்கும்?" என்பார். முகையூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் சீக்கிரமே போய்விட்டார், ஒரே மகள். படித்து முடித்துப் பல வருடம் கழித்துக் கைக்குழந்தையோடு கடைத்தெருவில் எதிர்ப்படுகிற மாணவியைக்கூடப் பெயர் சொல்லி நிறுத்திவிடுவார்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் மறுபடி விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் மகள் அவரைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. மாதங்கள் போகப் போகப் பெயர்கள் உதிர்ந்தன. முதலில் மாணவிகள், அப்புறம் மருமகன். மறதி நோய், அவர் விழுவதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்றார் மருத்துவர். ஒரு நாள் என்னை நர்ஸ் என்று நினைத்து, ஊசி வேண்டாம் என்று கையை வெடுக்கென இழுத்துக்கொண்டார். அன்று பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பியே வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் பழைய மாணவி ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். வெளியூரில் எலும்பைப் பற்றி ஆராய்கிறவள். எலும்பு உடம்பைத் தாங்குவதோடு நிற்பதில்லை, ரத்தத்தின் வழியே சேதியும் அனுப்புகிறது என்றாள். ஆஸ்டியோகால்சின் என்ற ஒரு பொருள் எலும்பில் உண்டாகி மூளைவரை போகிறதாம். அது இல்லாத எலிகளுக்கு ஞாபகம் மங்கி, பயம் கூடிவிடுகிறதாம். உடம்பு அசைந்தால் அது அதிகம் சுரக்கிறதாம். எத்தனையோ வருடம் எலும்புக்கூட்டைக் கரும்பலகையில் வரைந்தவள் நான். அது பேசும் என்று நினைத்ததே இல்லை. "ஆனா இதெல்லாம் எலிங்ககிட்ட பார்த்தது டீச்சர். மனுஷங்களுக்கும் இப்படியேதான்னு இன்னும் சொல்ல முடியாது" என்றாள். காதில் விழுந்தது, மனம்தான் கேட்கவில்லை.

நடப்பது எப்படியும் நல்லதுதான், கூட ஒரு ஆள் இருந்தால் போதும் என்று மருத்துவரும் சொன்னார். மகள் தயங்கினாள். "திரும்ப வுழுந்துட்டாங்கன்னா?"

"நான் புடிச்சிக்கிறேம்மா."

பள்ளி விட்டதும் நேரே அவர் வீட்டுக்குப் போவேன். முதலில் கட்டிலிலிருந்து வாசல்வரை. பிறகு தெருமுனையில் வேர்க்கடலை விற்கும் மல்லாட்டை வண்டிவரை. ஒவ்வொரு நாளும் அவர் வாயிலிருந்து ஒரு பெயர், ஒரே ஒரு பெயர் வராதா என்று ஏங்கினேன். வரவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்வது நின்றது. ஒரு சாயங்காலம் பேருந்தைப் பிடிக்க ஓடிய பள்ளிப் பெண்களைப் பார்த்ததும் நின்று, "முட்டிய தூக்கி ஓடு" என்று சத்தம் போட்டார். அவர் முகத்தையே பார்த்தேன். திரும்பி என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். சொன்னேன். "நல்ல பேரு" என்றார்.

நடக்கத் தொடங்கிய இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவர் எலும்பு மூளைக்கு ஏதாவது சொன்னதா, நடந்ததில் ஏதாவது பலன் இருந்ததா, எனக்குத் தெரியாது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது மகள் சொன்னாள்: "நீங்க வராத நாள்ல கதவண்டையே நின்னுக்கினு, அந்தம்மா வரலியா, அந்தம்மா வரலியான்னு கேட்டுக்கினே இருப்பாங்க டீச்சர்."

இப்போது நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்ட வருடங்கள் எத்தனையோ உண்டு. இருந்தும் சாயங்காலமானால் என் மனம் தேடுவது, ஒருநாளும் அவர் வாயால் நான் கேட்டிராத அந்த 'அந்தம்மா'வைத்தான்.