டெய்லரின் வீட்டு வண்டி

முனிகிருஷ்ணன் துணி வெட்டுகிற ஆள். அடுகோடிப் பேட்டையில் ஒரு சின்னக் கடையில் பட்டாளத்துக்காரர்களுக்குக் காக்கி உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரப் பட்டாளம் கப்பலேறிய பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அரைக்கால் சட்டையும் மோட்டார் ஒர்க்‌ஷாப் ஆட்களின் உடுப்புமாகக் காலம் போயிற்று. யுத்தக் காலத்தில் லாரி ஓட்டப் பழகியிருந்தார். ஓட்டத்தான் தெரியும். பானெட்டைத் திறந்தால் உள்ளே எது என்ன என்று தெரியாது. அப்படிப்பட்டவர் ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஒரு பாழடைந்த வண்டியைத் தன் கையாலேயே சரிபண்ணக் கிளம்பினார். காரணம், அவர் மனைவி பாஞ்சாலியின் தொடை எலும்பு.

அந்த எலும்பு என் பொறுப்பில் இருந்தது. நான் நர்ஸ். வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனிப்பது அப்போது என் வேலை. ஆடி மாதம் குழாயடியில் வழுக்கி விழுந்த பாஞ்சாலிக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கார்த்திகை வரை உட்காரக் கூடாது, காலை மடக்கக் கூடாது. தினமும் போய்ப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, கட்டின் ஓரம் ஈரமில்லாமல் பார்த்துக்கொள்வேன். பாஞ்சாலி அழுகிற ரகமில்லை. படுத்தபடியே தெருவை நிர்வாகம் பண்ணுகிற ரகம்.

அவளுக்கு ஒரே மகள், சரசு. தங்கவயலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் வேலை. சரசு மாசமாக இருந்தாள். அந்த வருஷம் விஜயதசமி ஐப்பசியில் வந்தது, நாள் பார்க்க வேண்டியதில்லை என்று அன்றைக்கே வளைகாப்பு வைத்துவிட்டார்கள்.

"மொத வளையல் நான் போடணும் சிஸ்டரம்மா," என்றாள் பாஞ்சாலி. "படுத்துக்கினே போட்டாலும் வளையல் வளையல்தானே?"

"ரயிலில் எப்படிப் போவாய்? பங்காரப்பேட்டையில் வேறு இறங்கி ஏற வேண்டும். இந்தக் கட்டோடு உன்னை ஜன்னல் வழியாகத்தான் உள்ளே தள்ள முடியும்."

"அதான் அவரு ஒரு வண்டி பாத்து வச்சிருக்காரு."

பார்த்து வைத்த வண்டி ஓசூர் ரோட்டில் ஓஸ்வால்டின் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு மழைமரத்தடியில் நின்றது. யுத்தக் காலத்து ஆம்புலன்ஸ். குடகுப் பக்கத்துத் துரை ஒருவர் அதை ஏலத்தில் எடுத்து, உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு படுக்கைப் பலகையும், மடித்து வைக்கிற மேஜையும், ஸ்டவ் வைக்க அலமாரியும், தண்ணீர்த் தொட்டியும் போட்டு, பெண்டாட்டியோடு ஊர் சுற்றியிருக்கிறார். அவர்கள் சீமைக்குப் போகும்போது வண்டியை அங்கேயே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அதில் குடியிருந்தவை ஓஸ்வால்டின் கோழிகள்.

"அந்த வண்டிய எனக்குக் குடுத்துடுங்க சார்," என்று முனிகிருஷ்ணன் கேட்டபோது நானும் கூட இருந்தேன். நோயாளி படுக்கப்போகிற இடத்தை நான் பார்க்காமல் யார் பார்ப்பது?

ஓஸ்வால்ட் சிரித்தார். கை நிறைய கிரீஸ், வாய் நிறைய கிண்டல், அதுதான் ஓஸ்வால்ட். "அதுல கோழிங்க குடியிருக்குது மேன். வேணும்னா வாடகை வசூல் பண்ணிக்கோ."

"உங்க ரெண்டு பசங்களுக்கும் கல்யாண சூட்டு தச்சுக் குடுக்கறேன்."

"பொண்ணே இன்னும் பாக்கல."

"அப்ப சூட்டு நிதானமா தைக்கலாம். வண்டி இப்பவே வேணும்."

"எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு, என் பசங்க யாரும் கை வைக்க மாட்டாங்க. எங்களுக்கு ஓடற வண்டி வேலையே தலைக்கு மேல கிடக்குது. நீயே பாத்துக்கோ."

அவரே பார்த்துக்கொண்டார். வண்டியை இரண்டு எருமை மாடுகள் இழுத்து வந்து தெருமுனைக் காலி மனையில் நிறுத்தின. கோழிகள் பின்னாலேயே நடந்து வந்தன.

முனிகிருஷ்ணனுக்குத் தெரிந்த வேலைமுறை ஒன்றே ஒன்று. பழைய கோட்டு ஒன்றைப் பார்த்துப் புதுக் கோட்டு தைக்க வேண்டுமானால், பழையதைத் தையல் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் துணிமேல் வைத்துச் சாக்கட்டியால் ஓரம் வரைந்துகொள்வார். இன்ஜினையும் அப்படியே பிரித்தார். தரையில் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைப் போட்டு, கழற்றிய சாமானை அதன்மேல் வைத்து, சுற்றி நீலச் சாக்கட்டியால் கோடு போடுவார். சாமானைத் துடைத்த பிறகு அதனதன் கோட்டுக்குள் திரும்ப வைப்பார். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று அம்புக்குறியும் உண்டு. பெயர் எதுவும் தெரியாது. "இது கழுத்துப்பட்டி மாதிரி இருக்கறது, இது கைப்பொத்தான் பக்கத்துல வர்றது" என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனார். பாஞ்சாலிக்குச் சமைத்துப்போட வந்துகொண்டிருந்த சின்னத்தாயி, நல்ல விரிப்பு இப்படி எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கிறதே என்று சாமான்களை ஒரு கூடையில் அள்ளிப்போட்டுவிட்டு, விரிப்பைச் சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

முனிகிருஷ்ணன் கொடியையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாண்ணா அப்டி பாக்கற? அழுக்கு போச்சா இல்லையா?" என்றாள் சின்னத்தாயி.

"போச்சு தாயி. எல்லாமே போச்சு."

பாஞ்சாலி உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு விரிசல் விடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் தினமும் ஓஸ்வால்டின் ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நிற்பார். யாரும் எதுவும் சொல்லித்தர மாட்டார்கள். பிரித்துப் போட்டிருக்கும் வண்டியைக் கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டு வந்து, கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிப் பார்ப்பார். பாதி மாட்டியிருந்த வண்டியை ஓஸ்வால்ட் ஒரு சாயங்காலம் வந்து சுற்றிப் பார்த்தார். முன்னால் இருக்கும் ரேடியேட்டரைத் தட்டி, "இதான் வண்டியோட மூக்கு. எல்லாம் கோழி றெக்கையா அடைச்சிக் கிடக்குது. காத்து போவலன்னா தண்ணி கொதிச்சிடும் மேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன ஒரே புத்திமதி அதுதான். முனிகிருஷ்ணன் தையல் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்தக் கம்பி வலையிலிருந்து இறகு இறகாகப் பிடுங்கினார். வண்டிக்குக் காது குத்துகிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது ஒரு கொட்டாங்கச்சி நிறைய நட்டும் வாஷரும் மிச்சம். அவற்றைப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தார்.

"துணி மிச்சமானா பாடி தைக்கலாம் டெய்லர். நட்டு மிச்சமானா இன்னா தைப்பே?" என்று ஓஸ்வால்ட் கேட்டார்.

"வெள்ளக்காரன் எப்பவுமே ஸ்வல்ப தாராளமா போடுவான் சார்," என்றார் இவர்.

ஆனால் வண்டி கிளம்பியது. முதல் தடவை கிளம்பியபோது தெருவே கைதட்டியது. கோழிகள் மட்டும் அன்றோடு குடி பெயர்ந்தன.

கிளம்பினால் போதுமா? நான் ஒப்புக்கொள்ளவில்லை. இடதுபக்கப் பலகையில் நானே படுத்துக்கொண்டு, வயிற்றின்மேல் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்து, "ஓட்டுங்கள். தண்ணீர் சிந்தினால் உங்கள் மனைவி எங்கேயும் போகிறதில்லை," என்றேன். அடுகோடியை விட்டு வெளியே போவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். முனிகிருஷ்ணன் முகம் தொங்கிப்போனது. ஆனால் மெத்தை என்பது தையல் வேலை. தேங்காய் நாரையும் பஞ்சையும் அடுக்கடுக்காக வைத்துத் தைத்து, கட்டுப் போட்ட கால் புரளாமல் இருக்க இரண்டு பக்கமும் திண்டு வைத்து, இடுப்புக்கு வார் போட்டு ஒரு படுக்கை செய்தார். அந்த மாதிரி படுக்கை எங்கள் ஆஸ்பத்திரியில்கூட இல்லை. இரண்டாம் தடவை டம்ளர் முக்கால் நிறைய மிஞ்சியது. சரி என்றேன். டாக்டரிடமும் பேசினேன். படுத்தபடியே போகலாம், கூடவே நான் போக வேண்டும், வெயிலில் கட்டுக்குள்ளே வியர்த்துப் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வழியில் தொல்லை என்றால் திரும்பிவிட வேண்டும் என்றார்.

ஆயுத பூஜையன்று காலையில் பூஜை, அது முடிந்ததும் பயணம் என்று ஏற்பாடு. பூஜையை முனிகிருஷ்ணன் சின்னதாகத்தான் நினைத்திருந்தார். தெரு விடவில்லை. எருமை கொடுத்தவர், விரிப்புத் துவைத்தவள், வண்டியைக் கிளப்பத் தினமும் தள்ளிவிட்டவர்கள் என்று எல்லோருக்கும் அந்த வண்டியில் பங்கு இருந்தது. வீட்டுக்கு ஒரு மாலை வந்தது. ஒருவர் மாலையைக் கட்டி இன்னொருவர் மாலையை விட முடியுமா? முகப்பில் இரண்டு வாழைக்கன்று, நடுவில் மாவிலைத் தோரணம், அதன்மேல் சாமந்தி மாலை மேல் மாலையாகக் கட்டினார்கள். வண்டியின் முகமே தெரியவில்லை. பூசணிக்காய் உடைத்தார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தார்கள். பாஞ்சாலியைக் கதவுப் பலகையில் கிடத்தி, நால்வர் தூக்கி, பின்கதவு வழியாக உள்ளே வைத்தோம். ஆம்புலன்ஸ் கதவு அகலமானது; அந்த ஒரு விஷயத்தில் யுத்தத்துக்கு நன்றி சொல்லலாம்.

ஹொசகோட்டே தாண்டும் முன்பே முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. வண்டி நின்றது.

முனிகிருஷ்ணன் புளியமரத்தடியில் விரிப்பைப் போட்டார், சாக்கட்டியை எடுத்தார், தண்ணீர்க் குழாயைக் கழற்றினார். அடைப்பு எதுவும் இல்லை. மாட்டினார். இன்ஜின் ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். சிறிது தூரத்தில் மறுபடி ஆவி.

வெயில் ஏறிவிட்டது. நின்ற வண்டிக்குள் காற்றில்லை. கட்டின் ஓரத்தில் விரல் விட்டுப் பார்த்தேன், ஈரம். விசிறிக்கொண்டே, "இன்னும் ஒரு தடவை நின்றால் வருகிற லாரியை நிறுத்தி, அதில் கயிறு கட்டித் திரும்பிவிடுவோம்," என்றேன்.

பேசாத பாஞ்சாலியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தலைமாட்டில் பச்சைக் கண்ணாடி வளையல்களைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

முனிகிருஷ்ணன் வண்டிக்குப் பின்பக்கம், கதவு நிழலில் விரிப்பைப் போட்டு, குழாய் மூட்டுக்கு வைக்கக் கான்வாஸ் துணியில் ஒரு வளையம் வெட்டிக்கொண்டிருந்தார். "மிச்சமான நட்டுல ஒண்ணுதான் இங்க வரவேண்டியது போல," என்று முணுமுணுத்தார்.

ஓட்டுகிற இடத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு சின்னத் திறப்பு உண்டு. பாஞ்சாலி அதன் வழியாக முன்கண்ணாடியைப் பார்த்தபடி படுத்திருந்தாள். திடீரென்று என் கையை அழுத்தினாள். கண்ணாடிக்கு வெளியே இரண்டு கொம்புகள் ஆடின.

"மாடு," என்று நான் எழுந்தேன்.

"சும்னே இருங்க சிஸ்டரம்மா. நல்ல நாளும் அதுவுமா பசுமாடு தேடி வந்து சாப்புடுது. வெரட்டாதீங்க."

அது அவசரமில்லாமல் சாப்பிட்டது. வாழைக்கன்று இரண்டையும் முடித்து, மாலைகளை இழுத்து, மாவிலையையும் பதம் பார்த்தது. முனிகிருஷ்ணன் வளையத்தை மாட்ட முன்னால் போனபோது கடைசிச் சாமந்தி அதன் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் போட்ட சத்தம் ஹொசகோட்டே ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

"சாமிக்கு வச்சத தின்னுப்புட்டியே! பூஜை பண்ண அன்னிக்கே இப்டியா? இனிமே எங்க போய்ச் சேர்றது!"

"வளையத்த மாட்டிட்டு வண்டிய எடுங்க," என்றாள் பாஞ்சாலி.

எடுத்தார். நான் சாலையைப் பார்க்கவில்லை, பானெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நரசாபுரம் வந்தது. ஆவி இல்லை. கோலார் வந்தது. இல்லை. பங்காரப்பேட்டையில் காப்பி குடிக்க நிறுத்தியபோது முனிகிருஷ்ணன் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"பாத்தீங்களா சிஸ்டரம்மா? கான்வாஸ் வளையம்! வெள்ளக்காரனுக்குக்கூடத் தோணல."

மாடு தின்ற மாலைகளை நினைத்து நான் பாஞ்சாலியைப் பார்த்தேன். ஜுரக்காரனை மூன்று கம்பளியால் போர்த்தி, ஜுரம் இறங்கவில்லையே என்று கவலைப்படுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தலையை அசைத்தாள்.

"ரெண்டு மாசமா ராவும் பகலும் ஒழைச்சிருக்காரு," என்று மெதுவாகச் சொன்னாள். "வளையமே ஆவட்டும். திரும்பி ஓட்டணுமில்ல?"

பொழுது சாய்வதற்குள் தங்கவயல் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை வண்டியைச் சம்பந்தி வீட்டு வாசலிலேயே நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்தோம். சரசு ஏறி எதிர்ப் பலகையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். பாஞ்சாலி படுத்தபடியே முதல் வளையலைப் போட்டாள். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். திரும்பும்போது ஒரு பலகையில் தாய், மறு பலகையில் மகள், நடுவில் சித்ரான்னப் பாத்திரங்களோடு நான். வழியெல்லாம் இரண்டு பேரும் பேசிய பேச்சில் எனக்குத் தலைவலி வந்தது. வண்டி மட்டும் கொதிக்கவே இல்லை.

கார்த்திகையில் கட்டைப் பிரித்தோம். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. தை மாதம் சரசுவுக்குப் பெண் பிறந்தது. அந்த வண்டி அதன்பிறகு அடுகோடியில் எத்தனையோ பேரைப் பிரசவத்துக்கும் திருவிழாவுக்கும் சுமந்தது. முனிகிருஷ்ணன் பாதி நாள் டெய்லர், பாதி நாள் மெக்கானிக் ஆனார். யாருக்கு இன்ஜின் மக்கர் பண்ணினாலும் கான்வாஸ் வளையம் வெட்டிக் கொடுப்பார்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் போயிருந்தேன். வண்டியின் முகப்பில் ஒரு சந்தனப் பொட்டு மட்டும் இருந்தது. மாலை, தோரணம், வாழைக்கன்று எல்லாம் பின்கதவில் கட்டியிருந்தது.

ஓஸ்வால்டும் வந்திருந்தார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஏன் மேன், எல்லாரும் மூஞ்சில மாலை போடுவாங்க. நீ இன்னா முதுகுல போட்டிருக்கே?"

முனிகிருஷ்ணன் பாஞ்சாலியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டே சொன்னார்:

"முன்னால கட்டினா மாடு தின்னுடுது சார்."