யாரும் படிக்காத இருபத்து நான்கு பக்கம்

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். இரவெல்லாம் இருந்த தூறல் விட்டிருந்தது. மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பால் வாங்கி வந்து, காபி குடித்தபடி தெலுங்குப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படித்தேன். ஒன்பதேகாலுக்குப் புத்தூர் பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள என் அறையைத் திறந்து, பெருக்கி, மேசையைத் துடைத்தேன். செவ்வாய்க்கிழமையில் சொத்து எழுத யாரும் பிரியப்பட மாட்டார்கள். அதனால் மொழிபெயர்ப்பு வேலைகளை அந்த நாளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

நான் பத்திர எழுத்தர். இப்போது ஆந்திராவில் இருக்கும் இந்தப் பக்கமெல்லாம் முன்பு சென்னை மாகாணத்தில் இருந்ததால் பல குடும்பங்களின் பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்கள் தமிழில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் வழக்குப் போடும்போது கோர்ட்டுக்குத் தெலுங்கில் வேண்டும். அதை எழுதிக் கொடுக்கிறேன். கிணற்றில் பங்கு, வரப்பில் நிற்கும் புளியமரம் என்று மூலத்தில் உள்ளது உள்ளபடி. சித்தூர் வக்கீல்கள் சிலருக்கு இதனால் என்னைத் தெரியும்.

அப்படித் தெரிந்த ஒருவர்தான் அந்தச் சிறு புத்தகத்தின் ஜெராக்ஸ் பிரதியை அனுப்பியிருந்தார். இருபத்து நான்கு பக்கம். எழுதியவன் கார்வேட்டிநகரம் பக்கத்துப் பையன். தமிழ்நாட்டு எல்லையிலுள்ள தடா என்ற ஊருக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். கூட வேலை செய்தவர்கள் பெரும்பாலும் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்து போகிறவர்கள் என்பதால் தமிழில் எழுதியிருக்கிறான். அவர்களில் ஒருவனுக்கு இயந்திரத்தில் கை போயிற்று. கம்பெனி எதையோ கொடுத்து அனுப்பிவிட்டது. பையன் இதை எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்து, பஸ் நிறுத்தத்தில் விநியோகித்தான். போலீஸ் தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டது. எட்டு மாதமாக உள்ளே இருக்கிறான். ஒருமுறை ஜாமீன் மறுக்கப்பட்டுவிட்டது. அந்தச் சட்டத்தில் ஜாமீன் என்பது லேசில் கிடைப்பதில்லை என்று வக்கீல் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் விசாரணை. குற்றப்பத்திரிகையில் புத்தகத்திலிருந்து நான்கு வாக்கியங்களைத் தெலுங்கில் பெயர்த்துச் சேர்த்திருந்தார்கள். மற்ற பக்கங்களில் என்ன இருக்கிறது என்று நீதிபதிக்குக் காட்ட வேண்டும் என்பது வக்கீலின் எண்ணம். ஆனால் வக்கீலுக்கும் தமிழ் படிக்க வராது.

முதலில் பக்கத்து அறையில் எனக்கு டைப் செய்து தரும் பெண்ணிடம் சொல்லி வைக்கலாம் என்று போனேன். பிரதியைத் தொடாமலே தலையை ஆட்டினாள்.

"ஒத்துண்ணா, வேணாம். இது என் கம்ப்யூட்டர்ல ஏறவேணா."

"கோர்ட்டுக்கும்மா. வக்கீல் கேட்டது."

"கோர்ட்டுக்குன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாளைக்கு எவனாச்சும் வந்து ஹார்ட் டிஸ்க்க தூக்கினு போனா, அதுக்கு வாய் இருக்குதா சொல்றதுக்கு? உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குது. கையிலயே எழுதுங்க. அப்ப உங்கள மட்டும் தூக்கினு போவாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குற்றம் என்று சொல்லப்படுகிற எழுத்தை, குற்றமா இல்லையா என்று பார்ப்பதற்காகப் படியெடுக்கக்கூட ஆளில்லை என்றால், அப்புறம் யார்தான் அதைப் பார்ப்பது?

அறைக்குத் திரும்பிப் படிக்கத் தொடங்கினேன். எழுதும் முன் முழுவதையும் ஒருமுறை படித்துவிடுவது என் வழக்கம். நல்ல எழுத்து என்று சொல்ல மாட்டேன். ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் சொல்கிறான். கை போன கதையைச் சொல்லும் பக்கங்கள் மட்டும் உண்மையாக இருந்தன. மருத்துவமனை வராந்தாவில் அந்தக் கை போனவன் தன் செல்போனைத் திறந்து தரச் சொல்லிக் கேட்டதை எழுதியிருந்தான். விரல் ரேகை வைத்துத் திறக்கும் போன். அதற்குப் பிறகு சர்க்கார், கம்பெனி, யூனியன் என்று எல்லோர் மீதும் கோபம். போலீஸ் எடுத்த நான்கு வாக்கியங்களும் அங்கே இருந்தன. மனு கொடுத்து எதுவும் நடக்காது என்று ஒன்று. முன்காலத்தில் துப்பாக்கி தூக்கிக் காட்டுக்குப் போனவர்கள் முட்டாள்கள் இல்லை என்று ஒன்று. மற்ற இரண்டும் அதே ரகம். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடு இல்லை. அந்தக் காட்டுக்காரர்களால் செத்தவர்களின் வீட்டு நிலங்களுக்கும் நான் பத்திரம் எழுதியிருக்கிறேன். ஆனால் கருத்து கருத்துதான். டீக்கடையில் இதைவிட மோசமாகப் பேசுகிறார்கள்.

பதினேழாம் பக்கத்துக்கு வந்தேன். அங்கே அந்தத் தொழிற்சாலையின் சூப்பர்வைசரைப் பற்றி எழுதிவிட்டு, இப்படி முடித்திருந்தான்: "அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அவருடைய பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள் என்பதும் தெரியும்."

பேனாவை மூடி வைத்தேன். எட்டு மாதமாக இதை யாரும் பார்க்கவில்லை. புரட்சி, துப்பாக்கி, காடு என்று பெரிய வார்த்தைகளைத் தேடியவர்களுக்குத் தெருவும் பள்ளிக்கூடமும் கண்ணில் படவில்லை. புத்தகம் முழுவதிலும் உண்மையிலேயே ஒரு மனிதனைப் பயமுறுத்தக்கூடியது இது ஒன்றுதான்.

வக்கீலுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சார், அதுக்கு வேற செக்ஷன் இருக்குது. மிரட்டல்னு. அதுல மட்டும் கேசு போட்டிருந்தா எப்பவோ பெயில்ல வந்திருப்பான்."

"சரி, அப்ப எழுதிடலாமில்ல?"

"அய்யய்யோ. இப்ப நாமளே எடுத்துக் குடுத்தா, இந்தக் கேசுக்கு முட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும். பாருங்க, தீவிரவாதின்னு சொன்னோமே, சரிதானேம்பாங்க. நீங்க மூணாம் பக்கத்துலருந்து ஒன்பது வரைக்கும், அந்தக் கை போன கதைய மட்டும் எழுதுங்க. போதும்."

"போலீஸ் கிட்ட ஒரிஜினல் இருக்குதே. யாராவது எழுந்து படிச்சா?"

"எட்டு மாசமா படிக்காதவங்க திங்கக்கிழமைக்குள்ள படிக்கப் போறாங்களா?"

போனை வைத்த பிறகு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பையன் மேல் முதலில். உன் சிநேகிதன் கை போனதற்கு யாரோ இரண்டு குழந்தைகள் என்ன செய்தார்கள்? பிறகு சட்டத்தின் மேல். தவறாக எழுதிய இரண்டு வாக்கியத்துக்கு நாலு நாளில் ஜாமீன் கிடைத்திருக்கும். நினைத்ததைச் சொன்ன நாலு வாக்கியத்துக்கு எட்டு மாதம். பிறகு வக்கீல் மேல். அவரும் போலீஸ் செய்ததைத்தான் செய்யச் சொல்கிறார். வேண்டியதை எடு, வேண்டாததை விடு. ஒரு பாகப்பிரிவினையில் கிணற்றை மட்டும் விட்டுவிட்டு எழுதச் சொல்லி யாராவது வந்தால் நான் படியேற விடமாட்டேன். ஆனால் கிணற்றை எழுதினால் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை.

நாலு மணி பஸ்ஸில் பையனின் அப்பா வந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேலை முடிந்ததா என்று கேட்க வந்திருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையிலிருந்த பிரதியை எடுத்துப் புரட்டினார். அப்போதுதான் கவனித்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. படம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பேசத்தான் வரும் தம்பி. படிச்சதெல்லாம் தெலுங்கு. போர்டு பூரா தெலுங்குல பாத்து வண்டி ஓட்டினவன். கேசு போட்டவனும் படிக்கல, பெத்தவனும் படிக்கல. நீதான் படிச்சிகிற. சொல்லு, இன்னாதான் எழுதிகிறான்?"

"நானே வாசிக்கிறேன்ணா."

முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். கை போனவன் கதை வந்ததும், "அந்தப் பையன் நம்ம ஊட்ல வந்து சோறு துன்னுகிறான்," என்றார். காட்டுக்குப் போனவர்களைப் பற்றிய வரி வந்தபோது முகத்தைச் சுளித்தார்.

"காட்டப் பத்தி இவனுக்கு இன்னா தெரியும்? அலிபிரில இருந்து திருப்பதி மலைக்கு நடந்து போவச்சொல்ல, கால் நோவுதுன்னு பாதியில குந்திக்கினவன். நான்தான் பைய தூக்கினு போனேன்."

பதினேழாம் பக்கத்தையும் வாசித்தேன். குரலை மாற்றாமல் வாசித்தேன்.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

"புள்ளைங்கள எதுக்குடா இழுக்கிற," என்றார். என்னிடம் அல்ல, மேசையிடம். பிறகு, "இத போலீஸ்காரங்க பாக்கலியா?" என்று கேட்டார்.

"பாக்கலண்ணா."

"அப்ப எதுக்குத்தான் உள்ள வச்சிகிறாங்க?"

"காட்டுக்குப் போனவங்க முட்டாள் இல்லன்னு எழுதினதுக்கு."

மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. வக்கீல் சொன்னதை அவரிடம் சொன்னேன். மூன்றிலிருந்து ஒன்பது வரை.

"அத உட்டா வெளிய வருவானா?"

"தெரியாதுண்ணா. வரலாம்."

"எழுதினா?"

"அதுவும் தெரியாது."

"ஒன்னும் தெரியாதுன்னா இன்னாத்துக்கு உன்ன ரைட்டருன்றாங்க."

வெளியே மறுபடியும் தூறத் தொடங்கியது. அவர் பிரதியின் ஓரங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி என் பக்கம் தள்ளினார்.

"பூரா எழுது தம்பி. வக்கீல் கிட்ட நான் பேசிக்கிறேன். நாம பாதி எழுதி, மீதிய அவங்க எழுந்து படிச்சா, அப்பால நாம சொல்ற எதையும் ஜட்ஜு நம்ப மாட்டாரு. அவன் எழுதினது அவன் எழுதினதுதான். திட்டணும்னா நானே போய்த் திட்டிக்கிறேன். ஜெயில்ல பாக்க உடறாங்க இல்ல." எழுந்துகொண்டார். "எனக்கும் ஒன்னு குடு. தெலுங்குல. நானே உக்காந்து படிக்கணும்."

கோர்ட்டுக்குப் போக வேண்டியதை வெளியில் கொடுப்பது சரியில்லை என்று தொடங்கினேன். வழக்கில் இருக்கும் எழுத்தின் இன்னொரு பிரதி ஒரு வீட்டில் இருந்தால் அதற்கும் யாராவது கேள்வி கேட்கலாம் என்றேன்.

"நான் வெளியா?" என்று கேட்டார்.

குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் அறையைப் பூட்டி வீட்டுக்கு வந்தேன்.

22ஆம் தேதி, புதன்கிழமை. ஐந்து மணிக்கே எழுந்தேன். காபிக்கு முன்பே சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கோர்ட்டுக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று, பையனின் அப்பாவுக்கு ஒன்று என்று மூன்று தாள்களுக்கு நடுவே இரண்டு கார்பன் தாள் வைத்து, பதினேழாம் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன்.