ஐயாக்கண்ணு திறந்த கதவு

மஞ்சக்குட்டைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஐயாக்கண்ணு கேட் வாட்ச்மேன். சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை மிளகு வெளியே போய்விட முடியாது. முதலாளியின் மருமகனையே மழையில் நிறுத்தி வைத்த ஆள். வேலை போயிருக்க வேண்டியது, முதலாளி சிரித்துவிட்டதால் தப்பித்தார்.

அவருக்கு ரத்தப் புற்று வந்தது. மருந்துக்கு அடங்கி, மறுபடியும் தலைதூக்கியது. சேலத்தில் டாக்டரம்மா புதிய சிகிச்சை ஒன்றைச் சொன்னார். ரத்தத்தில் இயற்கைக் கொல்லி அணுக்கள் உண்டு. உடம்பின் ஆள்தான் என்று அடையாளம் காட்டாத அணுவைக் கண்டால் தீர்த்துக்கட்டிவிடும். புற்றணுக்கள் பல நேரம் அந்த அடையாளத்தை மறைக்கும். ஐயாக்கண்ணுவின் கொல்லி அணுக்கள் ஓய்ந்துவிட்டன. கூடப்பிறந்தவரிடம் எடுத்து ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது.

"சீட்டு இல்லாத வண்டிய நானும் உடமாட்டனுங்க," என்றார் ஐயாக்கண்ணு. நோய் வந்தபின் அன்றுதான் சிரித்தார்.

மாரமங்கலத்திலிருந்து தங்கை மேகலா வந்து கையை நீட்டினாள். அவளுடைய அணுக்களை ஏற்றிச் சில வாரம் கழித்துச் சோதித்தபோது ஐயாக்கண்ணுவிடம் புற்று தென்படவில்லை. ஆனால் முன்னதாகக் கொடுத்த கடும் மருந்தில் அவருடைய மற்ற வெள்ளணுக்கள் அழிந்து, இன்னும் தேறாமல் இருந்தன. "நான் சொல்ற வரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க. ஒரு சளி போதும்," என்று சொல்லித்தான் டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பினார்.

ஊர் கேட்குமா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் போய்ப் பார்க்காவிட்டால் பகை என்று அர்த்தம். ஆரஞ்சும் ரொட்டியுமாக வந்தவர்களை மனைவி தனலட்சுமி வாசலோடு திருப்பினாள். பக்கத்து வீட்டுப் பெரியண்ணன் பேச்சையே விட்டார். "நொம்பச் சரி," என்பார் ஐயாக்கண்ணு உள்ளிருந்து.

பனி மூடிய ஒரு காலையில் மேகலா வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தி இருமினாள்.

"அங்கயே நில்லு கண்ணு. இருமுறயே," என்றாள் தனலட்சுமி.

"எட்ட நின்னு பாத்துட்டுப் போயர்றனுங்க அண்ணி."

ஐயாக்கண்ணுவே எழுந்து வந்து தாழ்ப்பாளை நீக்கினார். "அவளோடதுதான எனக்குள்ள ஓடுது. அவளுக்கு எதுக்குச் சீட்டு?"

 தனலட்சுமி வழிவிட்டாள். மேகலா கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

அந்த வாரமே ஐயாக்கண்ணுவுக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு வாங்கியது. ஜீப்பில் ஏற்றும்போது மேகலா ஓடி வந்தாள்.

"அண்ணா, இன்னொருக்கா எங்கிட்டயே எடுத்துக்கச் சொல்லுங்க..." முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

ஐயாக்கண்ணு கையை உயர்த்தினார், கேட்டில் வண்டிகளை நிறுத்துவது போல. மேகலா நின்றாள். தனலட்சுமி அவளைத் திரும்பியும் பார்க்காமல் ஏறி, ஜீப் கதவைச் சாத்திக்கொண்டாள்.