மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே

புவனோஸ் ஐரிஸில் எங்கள் கட்டடத்துக்குள் யார் அழுதுகொண்டு போனாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எட்டு மாடிகளிலுமாகப் பதினோரு மனநல ஆலோசகர்கள் இருக்கிறோம். மூன்றாம் மாடியில் நான், அமாலியா. என்னிடம் வருகிறவர்கள் சோபாவில் படுத்து அப்பா அம்மாவைப் பற்றிப் பேசுவார்கள், வருஷக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு மேலே கிரிசெல்டா. அவளிடம் வருகிறவர்கள் தலையணையை அம்மாவாக நினைத்து அடித்துக் கத்துவார்கள். கீழே இரண்டாம் மாடியில் ஃபாபியான், பயத்துக்கு மார்க் போடச் சொல்லி நோட்டில் வீட்டுப்பாடம் கொடுப்பான். ஒருவர் வழி இன்னொருவருக்கு ஆகாது.

எங்களையெல்லாம் கட்டி மேய்ப்பவர் வாட்ச்மேன் இசிதோரோ. கூட்டுவது, துடைப்பது, குப்பை இறக்குவது எல்லாம் இருபத்து மூன்று வருஷமாக அவர்தான். கண் சிவந்து இறங்கினால் என் ஆள், தொண்டை கட்டியிருந்தால் கிரிசெல்டா ஆள், கையில் நோட்டு இருந்தால் ஃபாபியான் ஆள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

போன டிசம்பரில், எங்கள் ஊர்க் கோடையில், வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், கரண்ட் போய் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றது. உள்ளே இசிதோரோ. நாற்பது நிமிடம் கழித்துத்தான், படியில் இறங்கிய ஒருவர் சத்தம் கேட்டு எல்லோரையும் அழைத்தார். அதற்குப் பிறகு மனிதர் லிஃப்டில் கால் வைக்கவில்லை. குப்பை மூட்டையோடு எட்டு மாடி ஏறி இறங்கி முழங்கால் வீங்கிப் போனது. மார்ச் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் என்று வீட்டு உரிமையாளர்கள் கூடி முடிவெடுத்தார்கள். வேலை போனால், வேலையோடு கொடுத்த கீழ்த்தள வீடும் போகும். அவரும் மனைவி தெல்மாவும் எங்கே போவார்கள்?

தெரிந்தவருக்கு நாங்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது. அதனால் அவரவர் வழியில் வைத்தியம் பார்க்கும் வெளி ஆலோசகர் ஒருவரின் முகவரியை ஆளுக்கொன்றாகக் கொடுத்தோம். யார் மனமும் நோகக் கூடாதென்று இசிதோரோ மூன்றுக்கும் போனார். திங்கள் சோபாவில் படுத்து அப்பாவைப் பற்றிப் பேசினார். புதன் நோட்டில் மார்க் போட்டார். வெள்ளிக்கிழமை, காலி நாற்காலியை லிஃப்டாக நினைத்துத் திட்டினார். இது தெரிந்து நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம். ஆனால் பலன் இல்லாமல் இல்லை. மார்ச் நடுவில் அவர் லிஃப்டுக்குள் போய் நிற்கவே ஆரம்பித்துவிட்டார். கதவைச் சாத்த மட்டும் கை வரவில்லை.

ஒருநாள் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது டாக்டரம்மா. நின்னா நிக்கட்டும். அன்னிக்கு நாப்பது நிமிஷம் கத்தினேன். இத்தனை பேர் இருந்தும் ஒரு கதவு தொறக்கல. அதான்."

குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். நானும் படியில் உட்கார்ந்தேன். 'அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?' என்று கேட்டுத் தப்பித்திருக்கலாம். முப்பது வருஷமாக அதைக் கேட்டுத்தானே சோறு தின்கிறேன். அன்று அது வாயில் வரவில்லை.

"எனக்குக் கேட்டுச்சு இசிதோரோ. கிரிசெல்டாவோட ஆளுன்னு நெனச்சேன். அந்த வெக்கையிலயும் எந்திரிச்சுப் போய் ஜன்னலைச் சாத்தினேன்."

அவர் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான்கு நாள் என் வணக்கத்துக்குப் பதில் இல்லை. வெட்கமாக இருந்தது. கிரிசெல்டாவிடம் சொன்னால், தனக்கும் கேட்டதாகவும், ஃபாபியானின் ஆள் வீட்டுப்பாடத்துக்காக லிஃப்டில் நின்று பயத்தைப் பழகுகிறான் என்று நினைத்ததாகவும் சொல்லி அழுதாள். அவளையே இசிதோரோவிடம் போய்ச் சொல்லச் சொன்னேன். போனாள்.

ஐந்தாம் நாள், ஓர் அமர்வின் நடுவில் என் மணி அடித்தது. வாசலில் இசிதோரோ.

"லிஃப்டுல ஏறப் போறேன். நடுவுல நிறுத்திட்டுக் கத்துவேன். இந்தத் தடவை கேக்குதான்னு பாருங்க."

கம்பிக் கதவை அவரே இழுத்துச் சாத்தினார். பெட்டி மேலே ஏறி, எனக்கும் கிரிசெல்டாவுக்கும் நடுவே நின்றது.

"அமாலியா!" என்று கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நான் வாய் திறப்பதற்குள் மேலே கதவு திறந்தது. கிரிசெல்டா ஓடிவந்தாள், பின்னாலேயே தலையணையும் கையுமாக அவளுடைய ஆள். கீழே ஃபாபியான் படியில் தடதடவென்று ஏறி வந்தான். ஆறாம் மாடியிலிருந்து யாரோ என்ன ஆச்சு என்று கேட்டார்கள். என் சோபாவில் படுத்திருந்த பெண்ணும் செருப்பில்லாமல் வந்து நின்றாள்.

"இங்கதான் இருக்கோம் இசிதோரோ," என்றேன்.

கம்பிக்குப் பின்னால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி சரி, எல்லாரும் உள்ள போங்க," என்றார். "எனக்கு எட்டாம் மாடியில வேலை கிடக்கு."