எங்கள் வாசலில் நின்ற பொலிஸ்

நான் யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து, கண்டியிலேயே தங்கிவிட்டவள். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரை இரண்டு பக்கத்திலும் தேடிப்போய்ப் பார்த்துப் புத்தகங்கள் எழுதினேன். என் கணவர் கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தொழிற்சங்கத்தில் வளர்ந்து, பாராளுமன்றம் வரை போனவர். நான் பேசிய கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பார். பேசுவதே தொழிலான ஒரு மனிதர் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணத்தின்போது என் சிநேகிதிகள், "இனி நீ ஊர்வலம் போகத் தேவையில்லை, சாப்பாட்டு மேசையிலேயே சமாதானம் கதைக்கலாம்" என்று பகிடி பண்ணினார்கள். நானும் அதைப் பாதி நம்பினேன்.

குண்டசாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் காலை முதல் ஆட்கள் காத்திருப்பார்கள். வேலை மாற்றம், வீட்டுக் காணி, மகனுக்குப் பாடசாலை. அவர் இல்லாத நாட்களில் என்னிடம் சொல்லுவார்கள். "நீங்க சொன்னா ஐயா கேப்பாருங்கம்மா." நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு தோழி இருந்தார். முஸ்லிம், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. கணவருக்குக் கீழே துணிக்கடை, மேலே வீடு. அந்த வீட்டில்தான் எங்கள் பெண்கள் வட்டம் கூடும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள். பெரிதாக ஒன்றுமில்லை, ஒருவர் வீட்டு இழவை மற்றவர் உட்கார்ந்து கேட்போம். சில நாட்களில் சிரிப்புத்தான் அதிகம்.

முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் அயலில் ஒரு சிறு பட்டினத்தில் தொடங்கியது. மறுநாள் மத்தியானம் தோழி தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னால் சத்தம் கேட்டது.

"மிஸ், ரோட்டால வாறாங்க. மேல் சந்தியில பள்ளிவாசலுக்குக் கல்லடிக்கிறாங்களாம். பொலிஸுக்கு எடுத்தா எடுக்கிறாங்க இல்ல. அவருக்கிட்ட கொஞ்சம் செல்லுங்க மிஸ்."

"சொல்லுறன். நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்க இருங்கோ."

என் கணவர் வீட்டில்தான் இருந்தார். உடனே போன் எடுத்தார். பொலிஸ் பெரியவருக்கு, அமைச்சருக்கு, இன்னொருவருக்கு. சிலர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் 'பார்க்கிறோம்' என்றார்கள். பிறகு அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"பேசிட்டேன். பாப்போம்."

"இதுக்குமேல என்ன பாக்கிறது? ரேடியோவுக்குக் கதையுங்கோ. நிப்பாட்டச் சொல்லிப் பகிரங்கமாச் சொல்லுங்கோ. அரசாங்கத்துக்க இருக்கிற ஆள் சொன்னால் அதுக்கு ஒரு பெறுமதி இருக்குத்தானே."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. பயம்.

"இப்ப நா வாயத் தொறந்தா அது நம்ம சனத்து மேல திரும்பும். தோட்டத்துல லயத்துக்குள்ள பூந்தா யாரு வந்து தடுக்கிறது? சின்ன வயசுல நா பாத்திருக்கேன். எங்கம்மா எங்களத் தேயிலைக்குள்ள படுக்க வச்சு மேல சாக்கப் போட்டு மூடுனாங்க. ஒனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். எனக்கும் அதுபோல் ஒன்று நடந்திருக்கிறது. அதனால்தான் கெஞ்சினேன். எங்கள் வாசலில் அவருடைய பாதுகாப்புக்கு இரண்டு பொலிஸ்காரர்கள் இருந்தார்கள். அவர்களையாவது என்னோடு அனுப்பச் சொன்னேன். முடியாது என்றார். அவர்கள் இந்த வாசலை விட்டு அசையக் கூடாதாம். மாமரத்தடியில் இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கோப்பைகளைப் பார்க்க முடியவில்லை.

நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். பாலத்துக்கு முன்னால் இராணுவம் மறித்து நின்றது. அந்தப் பக்கத்தில் கறுப்புப் புகை. நான் யார் என்று சொன்னேன், யாருடைய மனைவி என்றும் சொன்னேன். அதிகாரி மிகவும் மரியாதையாக, சிங்களத்தில், "அப்படியென்றால் உங்களை நிச்சயமாக விட முடியாது, உங்களுக்கு ஏதாவது நடந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார். காரைத் திருப்ப இடம் செய்து கொடுத்தார்கள். காருக்குள் இருந்து தோழிக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அடிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து, அரசாங்கம் கலவரத்தைத் தடுக்கவில்லை என்று ஒரு அறிக்கை எழுதி, தெரிந்த பத்திரிகையாளருக்குத் தொலைபேசியில் வாசித்தேன். மறுநாள் அது வந்தது. என் பெயருக்கு முன்னால் 'இன்னாரின் மனைவி' என்று போட்டிருந்தார்கள். கட்சியிலிருந்து அவருக்கு அழைப்பு மேல் அழைப்பு. மாலைச் செய்தியில் அவர் ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நின்றார்.

"அது அவங்களோட தனிப்பட்ட கருத்து. எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

நான் வீட்டில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தேன். அவர் வந்ததும் சோறு போட்டேன், சாப்பிட்டார்.

ஊரடங்கு தளர்ந்ததும் தோழியைத் தேடிப் போனேன். கடை கரிக்கூடாகி, கூரைத் தகடுகள் வளைந்து தொங்கின. கணவருக்கு இரண்டு கைகளும் வெந்திருந்தன. பின்வீட்டில் இருந்த எங்கள் வட்டத்துச் சிங்களப் பெண்தான் மதிலேறி வந்து அவர்களை இழுத்தெடுத்துத் தன் வீட்டுக்குள் வைத்திருக்கிறாள். அங்கே தரையில் விரித்த பாயில் தோழி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டு எழும்பவில்லை.

"அவருக்கிட்ட செல்லினீங்களா மிஸ்?"

"ஓம். சொன்னனான்."

"அப்ப அவருக்கும் ஏலாமப் போச்சு."

ஏலாமல் போனதா, மனமில்லாமல் போனதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டி அழுதிருப்போம், ஏதோ மிஞ்சியிருக்கும். நான் அவர் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டார். அவ்வளவுதான். அந்தக் கை யாருடையதோ போல என் கைக்குள் கிடந்தது.

சில மாதங்கள் போயின. கும்பலுக்கு முன்னால் நின்ற ஒரு சிங்களப் பிரதேச அரசியல்வாதியைப் பிடித்திருந்தார்கள், பிணையில் வந்துவிட்டார். தோழியின் தெருவில் அவரைக் கண்ணால் கண்டவர்கள் பலர். தேர்தல் நெருங்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பலகாரப் பெட்டி. கணவர் எழுந்து நின்று வரவேற்றது சமையலறைக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்தார்.

"ஒரு நிமிஷம் வந்து மொகத்தக் காட்டிட்டுப் போயேன்."

"அந்தாளுக்கு முன்னால நான் வரமாட்டன்."

"அவுங்க ஆளுங்க ஓட்டு இல்லாம இந்த மாவட்டத்துல நம்மாளு ஒருத்தன்கூட வர முடியாது. நா இல்லாட்டி தோட்டத்து சனத்துக்கு யாரு இருக்கா, சொல்லு?"

அவர் சொல்வது பொய்யில்லை. என் பையை எடுத்துக்கொண்டு பின்கதவால் வெளியேறி, பஸ் ஏறினேன்.

கட்டுகஸ்தோட்டையில் கடை இருந்த இடத்தில் வேறு யாரோ புதிதாகச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பின்வீட்டுச் சிங்களப் பெண் படலையடிக்கு வந்து, தோழி குடும்பத்தோடு கிழக்கே கல்முனைப் பக்கம் மகளிடம் போய்விட்டதாகச் சொன்னாள். எனக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"அடுத்த கூட்டத்தை உங்கள் வீட்டில் வைப்போமா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. யாராவது ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவள் தெருவை ஒருமுறை பார்த்தாள். அன்று அவர்களைக் காப்பாற்றியதற்காகத் தன் கணவரை ஊரில் இன்னும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றாள். கொஞ்ச நாளைக்கு நான் வராமல் இருப்பது நல்லது என்றாள். சொல்லும்போது அவள் கண்கள் கலங்கிவிட்டன. மன்னிப்பும் கேட்டாள், என்னிடம்.

பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் ஏறவில்லை. யாழ்ப்பாணத்தில் எனக்கு இப்போது யாரும் இல்லை. எழுதத் தொடங்கியிருந்த புத்தகம் பாதியில் நிற்கிறது. அதில் நான் எழுதியதை நானே நம்பவில்லை. வெயில் ஏறியது. வேறு எங்கே போவதென்று தெரியாததால், மூன்றாவது பஸ்ஸில் ஏறிக் கண்டியில் இறங்கி, குண்டசாலை வீட்டுக்கே திரும்பினேன்.