காப்புக் கட்டிய கையும் கழுவாத காயமும்

என் தம்பியின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! இந்த நினைவு மலருக்கென ஒருவர் எழுதித் தந்த இரங்கலில் "விதி முடிந்தது" என்றிருந்ததை நானே அடித்துவிட்டேன். விதி என்று சொல்லி எவரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம். நானும்தான்.

தம்பி தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தார். சுரங்கம் மூடியபின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து, இரு பெண்களைப் படிக்கவைத்துக் கரையேற்றினார். ஓய்வுபெற்றபின் எங்கள் சிவன் கோயிலே அவருக்கு வீடாயிற்று.

சென்ற பங்குனியில் தேர்த்திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார். தேர்ச்சக்கரத்தடியில் ஒரு தெருநாய்க்குட்டி புகுந்துவிட்டது. நசுங்கிவிடுமே என்று அதை வாரியெடுத்தார். அது அவர் மேலுதட்டையும் விரலையும் கடித்துவிட்டு ஓடிற்று.

குழாயடியில் நின்று என்னைத்தான் கேட்டார்: "அக்கா, காப்பு கட்டியிருக்கேனே, சோப்பு போட்டுக் கழுவலாமா?"

காப்புக் கட்டியவர் சோப்புத் தொடலாகாது என்பது எங்கள் வழக்கம். பதிகம் பாடிப் பழுத்த வாய் என்று ஊரார் புகழும் இந்த வாய் சொன்னது: "குட்டிதானேப்பா. திருநீறு வை. அவன் பாத்துப்பான்."

அவர் என் பேச்சைத் தட்டியதில்லை.

மாலையில் தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். கையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டார்கள். காயத்திலேயே போட வேண்டிய மருந்து ஒன்று உண்டாமே என்று தம்பியின் மனைவி கேட்டார். அது கையிருப்பில் இல்லை என்றார் மருத்துவர். எங்கே கிடைக்கும் என்று சொல்லவில்லை. "கையில போட்டதே போதும் பெரியவரே. உதட்டை இப்படியே விட்டா கோணலாயிடும், தையல் போட்டுடறேன்" என்றார். போட்டார்.

குறித்த நாளெல்லாம் தம்பி தவறாமல் போனார். நான்காம் ஊசி முடிந்த அன்று, "இனிமே என்னைக் கடிச்சா நாய்க்குத்தான் ஊசி போடணும்" என்று சிரித்தார். ஐந்தாவதற்கு முன்பே உதடு மரத்தது. கோயில் தீர்த்தத்தை நான் உத்தரணியில் நீட்டினேன். நீரைக் கண்டதும் தொண்டை இறுகி நடுங்கினார். ஆலகாலத்தைக் கண்டத்தில் நிறுத்திய பெருமானே, என் தம்பியின் கண்டத்தில் ஒரு சொட்டு நீரை இறக்க உனக்கு மனமில்லையா என்று சன்னிதியில் கத்தினேன். கத்திய பிறகே, அவனைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று உறைத்தது.

அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த பெரிய ஆசுபத்திரியின் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தடுப்பூசி உடலில் வேலை செய்யச் சில நாட்களாகும். அதுவரை கிருமியைக் கடிபட்ட இடத்திலேயே தடுப்பது காயத்துக்குள் போடும் மருந்து. அதற்கும் முன்னே, சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அம்மருந்து போடாமல் தைத்தால் கிருமி இன்னும் ஆழப் போகும். முகத்துக் கடியில் நாள் கடத்தவே கூடாது.

"ஊசி போட்டும் போய்விட்டாரே, ஊசியால் என்ன பயன்" என்று துக்கம் கேட்க வந்த சிலர் சொன்னார்கள். அந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள். ஊசி தோற்கவில்லை. அதற்குத் துணையாக வேண்டியவற்றை, சோப்பை நானும் மருந்தை அந்தக் கிளினிக்கும், தடுத்தோம்.

கடைசி நாட்களில் அஞ்சாமல் அவர் அருகிருந்த செவிலியருக்கும், தோள் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பு.

கோயில் குழாயடியில் வலைப்பையில் சோப்புக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காப்புக் கட்டியவரும் எடுக்கலாம். அது பாவமென்றால் என்னைச் சேரட்டும்.